இல்லாத விலங்கு எதைத் தின்னும்? ஊக உயிரியல் - ஓர் எளிய அறிமுகம்

1862-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சார்லஸ் டார்வினுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிட் மலர்கள். வெள்ளை நிறம், நட்சத்திர வடிவம். டார்வினின் கண் போனது பூவின் பின்னால் வால்போலத் தொங்கிய மெல்லிய குழாய் மேல். கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் நீளம். அதன் அடியில், கடைசி 4 சென்டிமீட்டரில் மட்டும் தேன். இவ்வளவு ஆழத்தில் தேனை ஒளித்து வைத்துக்கொண்டு இந்தப் பூ யாருக்காகக் காத்திருக்கிறது? இந்த அடிவரைக்கும் எட்டக்கூடிய உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி ஒன்று மடகாஸ்கரில் இருந்தாக வேண்டும் என்று எழுதினார் டார்வின். அப்படி ஒன்றை அதுவரை எந்த அறிவியலாளரும் பார்த்ததில்லை. பூச்சியியலாளர்களில் சிலர் கேலிகூடச் செய்தார்கள். 1882-ல் டார்வின் இறந்தார். அதற்கும் 21 ஆண்டுகள் கழித்து, 1903-ல், அந்த அந்துப்பூச்சிக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. சுருட்டி வைத்த அதன் குழலை விரித்தால் பூவின் அடிவரைக்கும் எட்டும்.

ஊக உயிரியல் என்று சொல்லப்படும் துறையை யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். கண்ணால் காணாத ஓர் உயிரை, காணக்கூடிய சூழலிலிருந்து கணக்குப் போட்டு வரைவது. டார்வினுக்குக் கையில் ஒரு பூ இருந்தது. வேற்றுக் கோளின் விலங்கைக் கற்பனை செய்பவருக்கு அந்தப் பூவும் கிடையாது. ஈர்ப்பு விசை எவ்வளவு, காற்று எவ்வளவு அடர்த்தி, ஒளி என்ன நிறம், வெப்பம் எத்தனை பாகை என்ற நாலைந்து எண்கள்தான் கையிருப்பு. அவற்றை வைத்துக்கொண்டு அங்கே என்ன ஊரும், என்ன பறக்கும், எது எதைத் தின்னும் என்று யோசிக்க வேண்டும்.

யாளியைச் செதுக்கிய சிற்பியும் இல்லாத விலங்கைத்தான் படைத்தார். சிங்க உடல், யானைத் துதிக்கை. பார்த்தால் மிரட்சி வரும். அவருக்கு வேண்டியது அந்த மிரட்சிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊக உயிரியல் அதே யாளியைப் பார்த்து வேறு மாதிரிக் கேள்விகளைக் கேட்கும். இது எதைத் தின்கிறது? அந்தத் துதிக்கையால் இதற்கு என்ன வேலை ஆகிறது? இதன் பாட்டன் முப்பாட்டன் யார்? உடம்பில் ஓர் உறுப்பை வளர்க்கவும் பராமரிக்கவும் சோறு வேண்டும். தின்ற சோற்றுக்கு வேலை செய்யாத உறுப்பு தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப் போகும். இருட்டுக் குகையில் வாழும் மீன்களில் பல கண்ணை இழந்தது அப்படித்தான்.

இந்த விளையாட்டு புதிதல்ல. கோள்கள் சூரியனைச் சுற்றும் விதிகளைக் கண்டுபிடித்த யோகான்னஸ் கெப்ளர் நிலவுப் பயணம் பற்றி ஒரு கதை எழுதிவைத்திருந்தார். அவர் இறந்தபின், 1634-ல் அது அச்சானது. நிலவில் பகல் மட்டுமே ஏறக்குறைய நம் இரண்டு வாரம் நீளும் என்பது அவருக்குத் தெரியும். அவ்வளவு நேரம் வெயிலில் காய முடியாதல்லவா? அதனால் அவருடைய நிலவு உயிர்கள் குகைகளிலும் நீரிலும் பதுங்குகின்றன, வேகமாக வளர்கின்றன, சீக்கிரம் செத்தும் போகின்றன. நிலவில் காற்றும் நீரும் உண்டு என்று அவர் நம்பியது தவறாகிப் போனது. ஆனால் முறை சரி: முதலில் அங்கே பகல் எவ்வளவு நீளம் என்று பார்த்தார், பிறகு விலங்குக்கு வந்தார். நம் காலத்தில் இந்த முறையைப் பலரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஸ்காட்லாந்துக்காரரான டூகல் டிக்சன். மனித இனம் அழிந்து 5 கோடி ஆண்டு கழிந்த பூமியில் என்னென்ன விலங்குகள் இருக்கும் என்று 1981-ல் ஒரு படப்புத்தகமே போட்டார். அவர் வேறு கோளுக்குப் போகவில்லை. நமக்குத் தெரிந்த எலியையும் முயலையும் எடுத்து நீட்டிப் பார்த்தார்.

உருவத்துக்கு முன்னால் எடை

புதிதாக வரையத் தொடங்கும் யாரும் செய்யும் முதல் வேலை, ஒரு சின்ன உயிரை எடுத்துப் பெரிதாக்குவது. குதிரை அளவு எறும்பு, வீடு அளவு சிலந்தி. இதில் என்ன கோளாறு என்பதை கலிலியோ 1638-லேயே எழுதிவைத்துவிட்டார். ஒரு விலங்கை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு ஆக்குங்கள். கால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 4 மடங்காகும், அதாவது தாங்கும் வலிமை 4 மடங்கு. எடையோ 8 மடங்காகிவிடும். பத்து மடங்கு ஆக்கினால் வலிமை 100 மடங்கு, எடை 1,000 மடங்கு. எறும்பு தன்னைவிடப் பல மடங்கு பாரம் தூக்குகிறது என்று வியக்கிறோமே, அது எறும்பு சின்னதாக இருக்கும்வரைதான். குதிரை அளவுக்கு வளர்ந்த எறும்பு தன் காலிலேயே நிற்க முடியாமல் மடங்கி விழும். யானையின் கால் தூண்போல இருப்பதும் மானின் கால் குச்சிபோல இருப்பதும் இந்தக் கணக்கால்தான்.

அப்புறம் மூச்சு. பூச்சிகளுக்கு நம்மைப்போல நுரையீரல் இல்லை. உடம்புக்குள் ஓடும் நுண்குழாய்கள் வழியே ஆக்சிஜன் திசுக்களுக்கே நேராகப் போகிறது. உடம்பு பெரிதானால் இந்த ஏற்பாடு திணறும். ஆனாலும் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் 65 சென்டிமீட்டருக்கும் மேல் இறக்கை விரித்த, தும்பி போன்ற பூச்சிகள் பூமியில் பறந்தன. அப்போது காற்றில் ஆக்சிஜன் இன்றைய 21 சதவீதத்தைவிட நன்றாகவே அதிகம் இருந்தது ஒரு காரணம் என்கிறார்கள். ஆக உங்கள் கோளில் பெரிய பூச்சி வேண்டுமா, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஆக்சிஜனைக் கூட்ட வேண்டியிருக்கும். ஆக்சிஜன் கூடினால் காட்டுத்தீ எளிதில் பற்றும். தீ அடிக்கடி வந்தால் மரங்களின் பட்டை தடிக்கும். இப்படி ஒரு பூச்சிக்காக ஒரு காட்டையே மாற்ற வேண்டி வரும். எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இந்த இழுபறிதான். ஒரு நூலை இழுத்தால் மறுகோடியில் வேறெதுவோ அசையும்.

சனிக்கோளின் நிலவான டைட்டனைப் பாருங்கள். அங்கே ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் ஏழில் ஒரு பங்கு. காற்றோ நம்முடையதைவிட நாலு மடங்கு அடர்த்தி. கையில் இறக்கை கட்டிக்கொண்டால் மனிதனே பறந்துவிடலாம் என்று கணக்குச் சொல்கிறது. பறவைகளுக்குச் சொர்க்கம் என்று தோன்றுகிறதா? வெப்பநிலை கழித்தல் 179 பாகை செல்சியஸ். தண்ணீர் அங்கே பாறை. ஏரிகளில் இருப்பது திரவ மீத்தேனும் ஈத்தேனும். அந்தக் குளிரில் வேதிவினைகள் ஆமையைவிட மெதுவாக நகரும். பறப்பது எளிது, ஆனால் ஒரு முறை சிறகடிக்கும் அளவுக்குச் சக்தி சேர்க்க எவ்வளவு காலம் பிடிக்குமோ!

சோறு எங்கிருந்து வருகிறது

இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிக அழகான ஊகம் ஒரு ஆய்விதழில் வந்தது. 1976-ல் வானியலாளர்கள் கார்ல் சேகனும் எட்வின் சால்பீட்டரும் வியாழனின் மேகங்களில் உயிர் இருந்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். வியாழனில் கால் ஊன்றத் தரை கிடையாது. கீழே போகப்போக வெப்பமும் அழுத்தமும் ஏறும். அதனால் அங்கே உயிருக்கு முதல் பிரச்சினை விழாமல் இருப்பது. ஒருவகை உயிர்கள் மெல்ல விழுந்துகொண்டே இருக்கும்; அடியில் போய் வெந்து சாவதற்குள் குட்டி போட்டுவிடும், குட்டிகளை மேல்நோக்கி எழும் காற்று தூக்கிக்கொண்டு போகும். இன்னொரு வகை பெரிய பலூன்போல மிதக்கும். மூன்றாவது வகை இவற்றை வேட்டையாடும். மூன்று விலங்குகளும் மூன்று பிழைப்புகள். உருவம் அந்தப் பிழைப்பிலிருந்து தானாக வந்தது.

பிழைப்பு என்றதும் சூரிய ஒளி, செடி, செடியைத் தின்னும் விலங்கு, அதைத் தின்னும் விலங்கு என்று நமக்குப் பழகிய சங்கிலி நினைவுக்கு வரும். ஒவ்வொரு படியிலும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகிறது என்பது தோராயமான கணக்கு. அதனால்தான் புல்லைவிட மான் குறைவு, மானைவிடப் புலி குறைவு. படங்களில் வரும் வேற்றுக் கோள்களில் திரும்பிய பக்கமெல்லாம் ராட்சத வேட்டை விலங்குகள் பாய்வதைப் பார்க்கும்போது எனக்குப் பயம் வருவதில்லை. இதுகளுக்கெல்லாம் யார் சோறு போடுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

சங்கிலியின் தலைப்பில் சூரியன்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 1977-ல் கலபாகஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் கூட்டமாக வாழ்வதைக் கண்டார்கள். இரண்டு மீட்டர் நீளத்துக்கு வளரும் குழாய்ப் புழுக்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. வளர்ந்த புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு உணவு சமைத்துப் போடுகின்றன. இப்படி ஒன்றை யாராவது 1976-ல் வரைந்து காட்டியிருந்தால் கொஞ்சம் அதிகமாகத்தான் கற்பனை செய்துவிட்டீர்கள் என்று சொல்லியிருப்போம். வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருக்கிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. அங்கே உயிர் பற்றிய பேச்சு எடுபடுவதற்கு இந்தப் புழுக்கள் பெரிய காரணம்.

பாட்டன் சொத்து

சிறகுள்ள குதிரையை எடுத்துக்கொள்வோம். எடை ஒரு பக்கம் இருக்கட்டும், காலை எண்ணுங்கள். நாலு கால், இரண்டு சிறகு, மொத்தம் ஆறு. பூமியில் முதுகெலும்புள்ள விலங்குகளில் சிறகடித்துப் பறக்கக் கற்றவை மூன்று கூட்டங்கள்தான்: டெரோசார்கள் (டைனோசார் காலத்துப் பறக்கும் ஊர்வன), பறவைகள், வௌவால்கள். மூன்றுமே முன்னங்காலைத்தான் சிறகாக்கின. முதுகில் புதிதாக இரண்டு சிறகு முளைத்த விலங்கு ஒன்றுகூட இல்லை. காரணம், நிலத்துக்கு ஏறிவந்த நம் மூதாதை மீனுக்குக் கை கால் ஆகக்கூடிய துடுப்புகள் இரண்டு ஜோடிதான் இருந்தன. அந்தப் பங்கைத்தான் தவளையும் யானையும் நாமும் இன்றுவரை பிரித்துக்கொண்டிருக்கிறோம். அந்த மீனுக்கு மூன்று ஜோடி இருந்திருந்தால் பறக்கும் குதிரை பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

பரிணாமம் வெள்ளைத் தாளில் வரைவதில்லை. இருக்கும் வீட்டை இடிக்காமல், உள்ளே குடியிருந்துகொண்டே மாற்றிக் கட்டுகிறது. அதனால் விசித்திரமான மிச்சங்கள் தங்கிவிடும். ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒன்று மூளையிலிருந்து கழுத்து வழியே நெஞ்சுவரை இறங்கி, அங்கே ஒரு ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்து வழியே ஏறிக் குரல்வளைக்கு வருகிறது. நேராகப் போனால் மிகக் குறுகிய தூரம். போவதோ சுமார் 4 மீட்டர் பாதை. மீனின் உடம்பில் அது நேர்வழியாக இருந்தது. கழுத்து நீண்டபோது சுற்றுவழியாகிவிட்டது. நீங்கள் வரையும் விலங்கில் இந்த மாதிரி ஓர் அசட்டு மிச்சம் இருந்தால், அது நிஜமாக எங்கோ வாழ்வதுபோலத் தெரியத் தொடங்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பாட்டன் வேறாக இருந்தாலும் பிழைப்பு ஒன்றானால் உருவம் ஒன்றுபோல வரும். சுறா மீன் இனம், டால்பின் பாலூட்டி, அழிந்துபோன இக்தியோசார் ஊர்வன. மூன்றும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போக வேண்டியிருந்ததால் மூன்றும் கதிர் வடிவம் எடுத்தன. இதைக் குவிப் பரிணாமம் என்பார்கள். வேற்றுக் கோளின் கடலிலும் வேகமாக நீந்துவது ஏறக்குறைய இந்த வடிவில்தான் இருக்கும் என்று துணிந்து சொல்லலாம். அதற்கு எத்தனை கண், வாய் எங்கே என்பதையெல்லாம் துணிந்து சொல்ல முடியாது.

அந்தி என்று ஒரு கோள்

சரி, ஒன்றைச் செய்தே பார்ப்போம். பால்வெளியில் பெரும்பாலான விண்மீன்கள் சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்புக் குள்ளன்கள். நமக்கு மிக அருகில், 4.2 ஒளியாண்டில் இருக்கும் பிராக்சிமா செண்டாரியும் அந்த வகைதான். 2016-ல் அதைச் சுற்றும் ஒரு கோளை அறிவித்தார்கள். அங்கே ஓர் ஆண்டு என்பது சுமார் 11 நாள். இவ்வளவு நெருங்கிச் சுற்றும் கோள்கள், நிலவு பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, தம் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஒரு பாதி நிரந்தரப் பகல், மறுபாதி நிரந்தர இரவு. நடுவே கோளைச் சுற்றி ஒரு வளையம்போல முடிவில்லாத அந்தி நேரம். என் கற்பனைக் கோளுக்கு அதனால் அந்தி என்றே பெயர் வைத்திருக்கிறேன். ஈர்ப்பு விசை பூமியைவிடச் சற்றுக் குறைவு, காற்று இரண்டு மடங்கு அடர்த்தி.

முதலில் நான் வரைந்தது நெட்டையான, மெல்லிய கால்களோடு ஒய்யாரமாக நடக்கும் ஒரு மான். ஈர்ப்பு குறைவென்றால் உயரம் என்பது எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்தேன். அந்தியில் காற்று நிற்காது. பகல்பக்கம் சூடான காற்று மேலெழுந்து இரவுப்பக்கம் போகும். இரவுப்பக்கத்துக் குளிர்காற்று தரையை ஒட்டி வளையத்தைக் கடந்து பகல்பக்கம் வரும். எப்போதும் ஒரே திசை. அடர்ந்த காற்று அதிகமாகத் தள்ளும், ஈர்ப்பு குறைவானால் தரையில் பிடிப்பும் குறையும். என் மான் நாலடி வைப்பதற்குள் உருண்டு போயிருக்கும். தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுச் செடியிலிருந்து தொடங்கினேன்.

வளையத்தின் ஓரிடத்தில் சூரியன் அடிவானுக்கு மேல் 10 பாகை உயரத்தில் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒளி ஒரே திசையிலிருந்து, கிட்டத்தட்டப் படுக்கையாக வருகிறது. அதனால் செடிக்கு நாலாபுறமும் கிளை வேண்டாம். சூரியனைப் பார்த்து நிற்கும் ஒரு தட்டி போதும். சிவப்புக் குள்ளனின் ஒளி மங்கல் என்பதால் வருவதையெல்லாம் உறிஞ்சும் கறுப்பு இலை அதற்கு லாபம். பின்னாலிருந்து காற்று பாய்மரத்தைத் தள்ளுவதுபோலத் தள்ளும், ஆகவே தட்டி முழுக்கக் காற்று புகுந்துபோகக் கீறல்கள். ஒரு மீட்டர் உயரத் தட்டியின் நிழல் 5 மீட்டருக்கு மேல் நீளும். அந்த நிழல் நகரவே நகராது. அதற்குள் இன்னொரு செடி முளைக்காது. ஆக, காடு முழுக்க வரிசை வரிசையாகக் கறுப்புத் தட்டிகள், இடையிடையே என்றென்றைக்கும் நிழலாகவே கிடக்கும் சந்துகள். சந்துகள் எல்லாம் வளையத்தின் போக்கிலேயே நீளும்.

இந்தச் சந்தில் மேய்கிற விலங்குதான் ஒருக்களி. ஆட்டுக்குட்டி அளவு, தரையோடு தாழ்ந்த உடம்பு, சுற்றிலும் குட்டையான கால்கள். அதன் மூதாதை நட்சத்திர மீன் மாதிரி கடலடியில் ஊர்ந்த ஒன்று. வாய் அடிவயிற்றில், விளிம்பெல்லாம் புலன்கள். தொல்காப்பியம் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தும். ஒருக்களிக்கு முக்கியம் எந்தப் புலன் எந்தப் பக்கம் என்பது. இரவுப்பக்கத்திலிருந்து வரும் எதிரியின் வாடையைக் காற்றே கொண்டுவந்து கொடுத்துவிடும், அதனால் மூக்கு அந்தப் பக்கம். பகல்பக்கத்திலிருந்து வரும் எதிரியின் வாடை வராது, காற்று அதை எதிர்த்திசையில் அடித்துக்கொண்டு போய்விடும். அந்தப் பக்கத்துக்குக் கண்தான் காவல். ஆக, உடம்பின் ஒரு கோடியில் கண்கள், மறுகோடியில் மூக்கு. சந்து போகும் திசை இந்த இரண்டுக்கும் குறுக்கே என்பதால் நண்டுபோலப் பக்கவாட்டில்தான் நடக்கும். பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

வேட்டை விலங்குக்கு இதே கணக்கு தலைகீழ். அது பகல்பக்கத்திலிருந்து வர வேண்டும். அங்கிருந்தால் இரையின் வாடையும் அதன் மூக்குக்கு வரும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் ஒருக்களிக்குக் கண்ணும் கூசும். பார்க்க வேண்டியதும் முகர வேண்டியதும் ஒரே திசையில் இருப்பதால் அதற்குக் கண்ணும் மூக்கும் ஒரே பக்கம் குவிந்து, நமக்குப் பழக்கமான ஒரு முகம் வந்துவிடுகிறது. முகம் வைக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, காற்று வைத்தது. எதிர்க்காற்றில் நெடுநேரம் ஓட முடியாது என்பதால் பதுங்கிக் கிடந்து ஒரே பாய்ச்சல்.

சிவப்புக் குள்ளன்களில் பல அவ்வப்போது சீறி வெடிக்கும், அப்போது புற ஊதாக் கதிர் கூடும். ஒருக்களிக்கு அதில் கவலை இல்லை, நிரந்தர நிழல் இருக்கிறது. கஷ்டம் குட்டிகளுக்குத்தான். எடை குறைவான குட்டியைக் காற்று பகல்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய் வெயிலில் வறுத்துவிடும். நெடுநாள் இதற்கு வழி தெரியாமல் படத்தை மூடிவைத்திருந்தேன். அப்புறம் பார்த்தால் வழி காற்றிலேயே இருந்தது. தாய் ஒருக்களி பனி தொடங்கும் இருட்டுக்குப் போய் முட்டையைப் புதைத்துவிட்டு வரட்டும். பொரித்து வெளியே வரும் குட்டியைக் காற்றே உருட்டிக்கொண்டு வந்து முதல் தட்டிச் செடியில் மோதவிடும். அங்கேயே தொற்றிக்கொண்டு மேயத் தொடங்கலாம். தாய் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதைத்தான் இன்னும் கணக்குப் போடவில்லை. குட்டியின் எடையையும் தரைக்காற்றின் வேகத்தையும் முடிவுசெய்துவிட்டால் போட்டுவிடலாம்.